கான்பூரில் உடைத்துப் போட்ட குண்டுவீச்சு விமானம்: காயலான் கடை நிலையில் இருந்து உலக அருங்காட்சியகங்களுக்குப் போனது எப்படி?

டெல்லி பாலம் விமானப்படைத் தளத்தை ஒட்டி இருக்கிறது இந்திய விமானப்படை அருங்காட்சியகம். அதன் திறந்தவெளிப் பகுதியில் நான்கு என்ஜின்கள், இரட்டை வால், பெட்டி போன்ற உடம்புடன் ஒரு பெரிய விமானம் நிற்கிறது. இறக்கையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு 33 மீட்டருக்கும் மேல். அழகான விமானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செல்ஃபி எடுப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஜெட் விமானங்களைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

இது பி-24 லிபரேட்டர். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். இந்த மாதிரி இடங்களுக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பா, இது நிஜமாவே பறந்துச்சா? இல்ல சும்மா செஞ்சு வெச்சிருக்காங்களா?"

நிஜமாகவே பறந்ததுதான். அதுவும், 'இனி இது பறக்கவே கூடாது' என்று முடிவு கட்டி நாசமாக்கிய விமானக் கூட்டத்தில் இருந்து மீண்டு வந்து, இன்னும் 20 ஆண்டுகள் பறந்தது. இன்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா அருங்காட்சியகங்களில் கூட்டம் சேர்க்கும் லிபரேட்டர்களில் பலவும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்த ஊர்களில் அவற்றின் மேல் அடித்திருக்கும் பெயின்ட்டைப் பார்த்தால் மட்டும் இந்த விஷயம் தெரியாது.

உடைக்கச் சொன்னது யார்?

போர்க்காலத்தில் லிபரேட்டர்கள் 18 ஆயிரத்துக்கும் அதிகமாகத் தயாராயின. அமெரிக்காவின் வில்லோ ரன் என்ற ஊரில் ஃபோர்டு நிறுவனம் கட்டிய தொழிற்சாலையில், உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. கார் மாதிரி.

இதில் ஒரு பங்கு பிரிட்டன் விமானப்படைக்குப் போனது. அது விற்பனை இல்லை, 'லெண்ட்-லீஸ்' ஏற்பாடு. அதாவது, இப்போது எடுத்துப் பயன்படுத்திக்கொள், போர் முடிந்ததும் மிச்சம் இருப்பதைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள், அதுவும் முடியாதா, அழித்துவிடு.

ஜப்பானுக்கு எதிரான போருக்காக இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த விமானங்கள் ஏராளமாக இருந்தன. 1944-ல் சென்னை பரங்கிமலையில் பிரிட்டன் விமானப்படையின் 200-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடுதான் இருந்தது. இலங்கையில் 160-வது ஸ்குவாட்ரன் சிகிரியாவில் இருந்து காங்கேசன்துறைக்கு மாறி, பிறகு மின்னேரியாவில் இருந்து பறந்தது. நீண்ட நேரம் கடலுக்கு மேல் பறக்கும் திறன்தான் இந்த விமானத்தின் பெரிய பலம்.

1945-ல் போர் முடிந்தது. பிரிட்டனிடம் வாங்கப் பணம் இல்லை. அமெரிக்காவுக்கோ திரும்ப வேண்டாம். உள்ளூரிலேயே ஆயிரக்கணக்கில் உருக்கிக்கொண்டிருக்கும்போது, கடல் தாண்டி இருப்பதைக் கொண்டுபோய் என்ன செய்வது? ஆகவே இங்கே இருந்த லிபரேட்டர்கள் கான்பூர் பக்கம் இருந்த சகேரி தளத்துக்குக் கொண்டுவரப்பட்டு, வரிசையாக நிறுத்தப்பட்டு, வேண்டுமென்றே நாசமாக்கப்பட்டன. கருவிப் பலகைகளை உடைத்ததும், உடம்பில் ஓட்டை போட்டதும், என்ஜினுக்குள் மணலைக் கொட்டியதும் இந்திய விமானப்படை வரலாற்றை எழுதியவர்களின் பதிவுகளில் இருக்கின்றன. வேறு யாரும் எடுத்துப் பறக்கவிடக் கூடாது என்பதே நோக்கம்.

பெங்களூருக்குப் பறந்த 42 விமானங்கள்

சுதந்திரம் கிடைத்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இந்தியாவிடம் கனரக குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கக் கையில் காசும் இல்லை. கான்பூரில் புல் முளைத்துக் கிடந்த அந்தக் குப்பையின் மேல் கண் விழுந்தது.

1948-ல் அந்த வேலை பெங்களூருவில் இருந்த இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திடம் போனது. இன்றைய எச்.ஏ.எல். வால்சந்த் ஹிராசந்த் 1940-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் பட்டறைகளில்தான் போர்க்காலத்தில் அமெரிக்கப் படை விமானங்கள் பழுது பார்க்கப்பட்டன. எந்த நட்டு எங்கே போகும் என்று கை பழகிய தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள்.

அவர்கள் கான்பூருக்குப் போய் வேலை பார்த்த விதம், நம் ஊர் மெக்கானிக் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஓரளவு நன்றாக இருக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது. இன்னொன்றின் என்ஜினைக் கழற்றி இதில் மாட்டுவது. மூன்றாவதில் இருந்து சக்கரம், நான்காவதில் இருந்து கருவிகள். ஒரே ஒரு பயணத்தைத் தாங்கினால் போதும் என்ற அளவுக்குத் தேற்றிவிட்டு, பெங்களூருக்குப் பறக்கவிடுவது. அங்கே போனபிறகு முழுதாகப் பிரித்து மேய்ந்துகொள்ளலாம்.

கான்பூருக்கும் பெங்களூருக்கும் நேர்கோட்டில் சுமார் 1,500 கி.மீ. எச்.ஏ.எல். நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி இப்படி ஒட்டுப்போட்ட விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். மொத்தம் 42 விமானங்கள் இந்த வழியில் பெங்களூரு வந்து சேர்ந்ததாகப் பதிவு. இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்டவர்களின் துணிச்சலைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. மணல் கொட்டிய விமானக் கூட்டத்தில் இருந்து பொறுக்கி எடுத்த நான்கு என்ஜின்களை நம்பி விந்திய மலையைத் தாண்டியவருக்கு ஒரு சினிமாகூட இல்லை.

1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு தொடங்கப்பட்டது. பிறகு 6-வது ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது. 1968 முடியும்வரை அவை பணியில் இருந்தன. உலகில் லிபரேட்டரைக் கடைசியாகப் பயன்படுத்திய விமானப்படைகளில் ஒன்று நம்முடையது.

அதற்குள் மற்ற நாடுகள் முழித்துக்கொண்டன. 'அட, நம்ம விமானம் ஒண்ணுகூட மிச்சம் இல்லையே' என்று அருங்காட்சியகங்கள் தேட ஆரம்பித்தபோது, பறக்கும் நிலையில் லிபரேட்டர்கள் இருந்த இடம் இந்தியா.

1968-ல் ஒன்று கனடாவுக்குப் பறந்தது. இன்று ஒட்டாவாவில் உள்ள கனடா விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருப்பது அதுதான். 1969-ல் ஒன்று அமெரிக்காவின் டூசான் நகரில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு. 1974-ல் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு. ஃபுளோரிடா சேகரிப்பாளர் ஒருவரிடம் ஒன்று. காலிங்ஸ் என்ற அமெரிக்க அறக்கட்டளையிடம் ஒன்று. பாலத்தில் நிற்பது ஒன்று. 18 ஆயிரத்தில் இன்று முழு உருவத்தோடு மிஞ்சியவை இருபதைத் தாண்டாது. அதில் குறைந்தது ஆறு, கான்பூரில் உடைத்துப் போட்ட கும்பலில் இருந்து வந்தவை.

'புதுப்பித்தது' என்றால் எவ்வளவு புதுசு?

அருங்காட்சியகப் பலகையில் 'ரெஸ்டோர்டு' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். அதற்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

நிறுத்திவைக்க மட்டும் புதுப்பிப்பது ஒரு வகை. வெளித்தோற்றம் சரியாக இருந்தால் போதும். என்ஜின் சுற்ற வேண்டியதில்லை. எண்ணெய், எரிபொருள் எல்லாவற்றையும் வடித்துவிடுவார்கள். டயரில் காற்று நிற்காது என்பதால் விமானத்தைத் தாங்கிகளில் ஏற்றி நிறுத்துவதும் உண்டு. ஜெட் விமானம் என்றால் விமானியைத் தூக்கி வீசும் இருக்கையில் உள்ள வெடிமருந்தை எடுத்தாக வேண்டும். பழைய கருவிகளில் இன்னொரு வில்லங்கம். இருட்டில் முள் தெரிவதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். பளபளப்பு போய் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், கதிரியக்கம் போகாது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். காக்பிட்டைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்குக் கூட்டம் மட்டும் காரணம் இல்லை.

மீண்டும் பறக்கவைப்பது இன்னொரு வகை. இங்கே தோற்றம் இரண்டாம்பட்சம். அலுமினியத் தகடு வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே அடுக்கடுக்காக உதிர்ந்துகொண்டிருக்கும். இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தில் கீறல் இருந்தால் மாற்றியே தீர வேண்டும். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துப் புதிதாக அடிக்க வேண்டும். காலிங்ஸ் அறக்கட்டளையின் லிபரேட்டர் இதற்குச் சரியான உதாரணம். இந்திய விமானப்படை கழித்துவிட்ட பிறகு பல ஆண்டுகள் சும்மா கிடந்த அதை 1981-ல் ஒரு பிரிட்டன் சேகரிப்பாளர் வாங்கினார். 1984-ல் அறக்கட்டளையின் கைக்குப் போனது. ஐந்து ஆண்டுகள் வேலை நடந்து, 1989-ல் மீண்டும் பறந்தது. அதற்கு ஆன உழைப்பு சுமார் 97,000 மணி நேரம் என்பது அறக்கட்டளை சொல்லும் கணக்கு.

இவ்வளவு மாற்றிய பிறகு அது பழைய விமானம்தானா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிது இல்லை. ஆயிரம் வருஷக் கோயில் என்கிறோம். கோபுரத்தில் இருக்கும் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொரு குடமுழுக்கிலும் பூசி, வர்ணம் அடித்து, சிலது புதிதாகவே செய்து வைத்தவை. ஆனாலும் கோயில் பழைய கோயில்தான். சண்டை வருவது வேறு இடத்தில். சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாக வீசியடித்து, கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்துவிட்டால்? கல் அப்படியேதான் இருக்கும், அது சொன்ன விஷயம் போய்விடும்.

விமானத்துக்கு அந்தக் கல்வெட்டு, பெயின்ட். நல்ல பட்டறைகளில் பழைய பெயின்ட்டை ஒரேயடியாக உரிப்பதில்லை. உப்புக் காகிதத்தால் மெதுவாகத் தேய்ப்பார்கள். ஒரு அடுக்கு போனால் அடியில் இன்னொரு நாட்டின் வட்டச் சின்னம் தெரியும். அதற்கும் அடியில் தொழிற்சாலையில் போட்ட எண் தெரியும். படம் எடுத்து, அளந்து, பதிவு செய்த பிறகே அடுத்த அடுக்கைத் தொடுவார்கள். சில இடங்களில் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் பழைய அடுக்குகள் தெரியும்படி அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

பெயின்ட்டுக்குக் கீழே இருப்பது யார்?

வெளிநாடு போன லிபரேட்டர்களின் கதை உறுத்துவது இங்கேதான்.

காலிங்ஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-ல் அமெரிக்காவில் தயாராகி, பிரிட்டன் விமானப்படைக்குப் போய், ஒரு ஆண்டுக்கும் குறைவாகப் போரில் இருந்து, கான்பூரில் தூக்கி எறியப்பட்டது. பிறகு இந்திய விமானப்படையில் சுமார் 20 ஆண்டுகள். அதன் வாழ்க்கையில் மிக நீண்ட பகுதி இந்தியாவில் கழிந்தது. ஆனால் 1989-க்குப் பிறகு அது அணிந்த வேடங்கள் எல்லாம் அமெரிக்கப் படையின் வேடங்கள். 'ஆல் அமெரிக்கன்', 'டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்', 'விட்ச்கிராஃப்ட்' என்று ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு புகழ்பெற்ற போர்க்கால விமானத்தின் பெயர். பிரிட்டன், கனடா அருங்காட்சியகங்களில் இருப்பவையும் அந்தந்த நாட்டுப் படையின் நிறத்தில்தான் நிற்கின்றன.

அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே வந்து பார்க்கிற முதியவர் தன் அண்ணன் பறந்த விமானத்தைத்தான் பார்க்க வந்திருப்பார். புதுப்பிக்க நன்கொடை கொடுத்தவர்களும் அந்தக் குடும்பங்கள்தான். அந்த ஒரு நிறத்தில் இருந்தால்தான் அவர் கண்ணில் தண்ணீர் வரும். விமானத்தின் வரலாற்றுக் குறிப்பில் இந்தியாவின் பெயரும் இருக்கவே செய்கிறது. ஆனால் குறிப்பை எத்தனை பேர் படிக்கிறார்கள்? படம் எடுத்துக்கொண்டு போகிறவர் மனதில் தங்குவது நிறம்தான்.

இதை இந்தியா மட்டும் பாதிக்கப்பட்ட கதையாகச் சொல்லிவிட முடியாது. கனடாவுக்குப் போன லிபரேட்டர் சும்மா போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெஸ்ட்லேண்ட் லைசாண்டர் விமானம் கனடாவில் இருந்து பாலத்துக்கு வந்தது. 1942-ல் பர்மா போர்முனையில் கே.கே. மஜும்தார் தலைமையில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஓட்டியது லைசாண்டர்களைத்தான். அவற்றில் ஒன்றும் நம்மிடம் மிச்சம் இல்லை. ஆகவே கனடா படையில் வேலை பார்த்த விமானம் இந்திய நிறம் பூசிக்கொண்டது. அங்கே நம் விமானம் கனடாக்காரராக, இங்கே அவர்கள் விமானம் இந்தியராக.

2018-ல் விமானப்படையின் பழைமை விமானப் பிரிவில் சேர்ந்த டக்கோட்டாவும் அப்படித்தான். அயர்லாந்தில் கழித்துப்போட்ட நிலையில் இருந்ததை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் புதுப்பித்து, விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய தந்தை டக்கோட்டா விமானி. அதன் வாலில் எழுதியிருக்கும் எண் வி.பி.905. 1947 அக்டோபர் 27-ம் தேதி சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கிய டக்கோட்டாவின் எண் அது. எண் அந்த விமானத்துடையது. உடம்பு வேறு விமானத்துடையது. 'பரசுராமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பறக்கவிடலாமா, பூட்டி வைக்கலாமா?

எண்பது வயது என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டவர்கள், நிறுத்திவைத்த விமானத்தைப் 'பாடம் செய்த புலி' என்று கிண்டல் செய்வார்கள். பறப்பதற்காகச் செய்ததைப் பறக்கவிடுவதே மரியாதை என்பது அவர்கள் வாதம். பறக்கும் விமானத்துக்குப் பராமரிப்பும் தவறாமல் நடக்கும். நிறுத்திவைத்ததை ஒரு கட்டத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

எதிர்வாதத்துக்கு வாதமே தேவையில்லை, இரண்டு தேதிகள் போதும். 2019 அக்டோபர் 2: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பார்வையாளர்களை ஏற்றிச் சென்ற பி-17 குண்டுவீச்சு விமானம் அவசரமாகத் தரையிறங்க முயன்று மோதியதில் 7 பேர் இறந்தார்கள். லிபரேட்டரைப் பறக்கவைத்த அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் விமானம் அது. பயணிகளை ஏற்றிச் செல்ல அறக்கட்டளைக்கு இருந்த அனுமதியை அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2020-ல் ரத்து செய்தது. 2022 நவம்பர் 12: டல்லஸ் நகரில் விமானக் கண்காட்சியில் இன்னொரு பி-17 மேல் பி-63 போர் விமானம் மோதி 6 பேர் இறந்தார்கள். ஒரே நொடியில் இரண்டு அபூர்வ விமானங்களும் போயின.

2019-ல் எரிந்த விமானத்தில் எழுதியிருந்த பெயர் 'நைன் ஓ நைன்'. உண்மையான நைன் ஓ நைன் போர் முடிந்ததும் உடைத்து உருக்கப்பட்டுவிட்டது. எரிந்தது, 1950-களில் அணுகுண்டு சோதனைகளின் தாக்கத்தை அளக்க நிறுத்தி வைக்கப்பட்டு, அதில் தப்பி, பிறகு காட்டுத் தீயை அணைக்கும் வேலை பார்த்த விமானம். அப்படி ஒரு சொந்தக் கதை அதற்கு இருந்தது. விபத்துச் செய்தி வெளியானபோதும் இரவல் பெயர்தான் தலைப்பில் வந்தது.

பாலம் ஹேங்கருக்குள் போனால்

பாலம் அருங்காட்சியகம் 1967-ல் தொடங்கியது. பளபளப்பை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். லண்டன் அருங்காட்சியகங்கள் மாதிரி ஒளி அமைப்பு, தொடுதிரை எல்லாம் கிடையாது. பழைய ஹேங்கர், நெருக்கி நிறுத்திய விமானங்கள். ஆனால் அங்கே இருப்பது வேறு எங்கும் கிடைக்காத கூட்டம்.

வெஸ்ட்லேண்ட் வாபிட்டி இருக்கிறது. 1933 ஏப்ரல் 1-ம் தேதி கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடுதான் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. இரட்டை இறக்கை, இடையில் கம்பிகள், மேலே துணி.

ஜப்பானின் ஓகா இருக்கிறது. இதன் முன்னால் நிறைய பேர் நிற்காமல் போய்விடுகிறார்கள், சின்னதாக இருப்பதால். கீழே குனிந்து பார்த்தால் சக்கரம் இருக்காது. இறங்குவதற்கான எந்த ஏற்பாடும் இல்லை. மூக்கில் 1,200 கிலோ வெடிகுண்டு, நடுவில் ஒரு விமானி உட்கார இடம். பெரிய விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுபோய், எதிரிக் கப்பலைப் பார்த்து அவிழ்த்துவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்தவர் திரும்பி வருவதற்காக அதில் எதுவும் செய்யப்படவில்லை.

நாட் போர் விமானம் எதிர்பார்த்ததைவிடக் குட்டியாக இருக்கும். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களைத் திணறடித்த பெயர் இதற்கு உண்டு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் தனியாகச் சண்டையிட்டு உயிர் நீத்த நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் நாட்தான். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அதே நாட் ஒன்று கராச்சியில் உள்ள பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுபாதையில் இறங்கிப் பிடிபட்ட இந்திய விமானம். இங்கே வீரச் சின்னம், அங்கே வெற்றிச் சின்னம்.

அங்கே இருப்பவற்றில் தவறவிடக் கூடாதது ஒரு சுகோய்-7. 1971 போரில் ஏவுகணை தாக்கி வால் பகுதி கிழிந்துபோன பிறகும் தளத்துக்குத் திரும்பி வந்த விமானம். அந்தக் கிழிசலை யாரும் தகடு வைத்து மூடவில்லை. உலோகம் காகிதம் மாதிரி சுருண்டு நிற்கிறது. சுற்றிலும் பெயின்ட் அடித்து நிறுத்திய விமானங்களுக்கு நடுவே, எதையும் மறைக்காமல் நிற்பது இது ஒன்றுதான். பழுது பார்க்காமல் விட்டதால் பேசுகிறது.

டெல்லி தூரம் என்பவர்களுக்கு

பெங்களூரு பழைய விமான நிலைய சாலையில் 2001-ல் திறந்த எச்.ஏ.எல். பாரம்பரிய மையம் இருக்கிறது. லிபரேட்டர்கள் உயிர் பெற்றது இந்த நிறுவனத்தின் பட்டறையில்தான். வி.எம். காட்கே வடிவமைத்து 1951-ல் பறந்த எச்.டி-2 பயிற்சி விமானமும், ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் உருவாக்கி 1961-ல் முதலில் பறந்த மாருத் போர் விமானமும் அங்கே பார்க்கலாம். சென்னையில் இருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் டியு-142 தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உள்ளது. அரக்கோணம் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் இருந்து இந்தியப் பெருங்கடல் முழுவதும் சுற்றியது இந்த ரஷ்ய விமான வகை. 29 ஆண்டுப் பணிக்குப் பிறகு 2017 மார்ச்சில் அரக்கோணத்தில் வைத்துத்தான் விடைகொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். லிபரேட்டர் செய்த அதே கடல் காவல் வேலையைப் பிற்காலத்தில் செய்தது இது. இங்கே உள்ளே ஏறி நடந்து பார்க்க முடியும். சிக்கல், அது நிற்கும் இடம். கடலோர உப்புக் காற்று அலுமினியத்துக்கு ஆகாது. கடலுக்கு மேல் பறக்கும் விமானங்களை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவதே அதனால்தான். நிறுத்தி வைத்ததற்கும் அந்தக் கழுவல் தேவை.

போகிறவர்கள் கவனிக்க நான்கு சின்ன விஷயங்கள். திறந்திருக்கும் நாளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாலம் விமானப்படை வளாகம் என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வெயிலுக்கு முன்னால் திறந்தவெளி விமானங்களை முடித்துவிடுங்கள். மூக்கில் வரைந்த படத்தைப் பார்த்த பிறகு வால்பக்கம் ஒரு நடை போய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் போனில் தட்டினால் விமானம் எங்கே செய்தது, எந்தப் படையில் இருந்தது, எப்போது கழித்தார்கள் என்று பெரும்பாலும் வந்துவிடும். சில நேரம் அந்த எண்ணே வேறு விமானத்துடையது என்பதும் தெரியவரும்.

பாலத்தில் நிற்கும் லிபரேட்டரின் எண் எச்.இ.924. அதன் மேல் இருப்பது இந்திய விமானப்படையின் மூவண்ண வட்டம். கான்பூரில் இருந்து மீண்டு உலகெங்கும் போன அந்த விமானங்களில், தான் அதிக காலம் உழைத்த படையின் நிறத்திலேயே இன்றும் நிற்பது இது. மற்றவை கூரைக்குக் கீழே இருக்க, இது டெல்லி வெயிலில் நிற்கிறது.